பெட்டிக்குள் வைத்த ஊதா விளக்கு

ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் நாள் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைந்தேன். திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த தனியார் கல்லூரி அது. தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கமிருந்து காற்றடித்தால் சுண்ணாம்பில் ஊறிய தோலின் நாற்றம் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். அதோடு நாங்கள் கண்ணாடி கழுவும் அசிட்டோன் வாசமும் கலந்துகொள்ளும். மதியம் டப்பாவைத் திறந்தால் சோற்றிலும் அதே வாசம். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இன்று அந்தக் கூடத்தை நினைத்தால் எனக்கு ஆகாதது அந்த நாற்றம் அல்ல.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஊரில் கையில் செல்போன் வைத்திருந்தவர்கள் அதைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்திருந்த காலம். என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தச் சின்னத் திரைகளைக் காட்டிச் சொல்வார்: “இதெல்லாம் பின்னாடி விளக்கு வச்சு வெளிச்சம் காட்டுறது. இன்னும் பத்து வருசத்துல பின்விளக்கே இருக்காது பாரு. திரையே ஒளிரும். அதை இந்த ஊர்ல இருந்து நாம செஞ்சு காட்டுவோம்.”

அவர் சொன்னது உண்மைதான். மிக மெல்லிய கரிமப் பொருள் ஒன்றைக் கண்ணாடியில் படியவைத்து, இரண்டு பக்கமும் மின்முனை கொடுத்தால் அது தானாகவே ஒளிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பொருட்களையும் ஒன்றோடொன்று கலக்காமல் மயிரிழை அகலத்தில் அடுத்தடுத்து படியவைப்பதுதான் பெரும்பாடு. அதற்கு லேசர் கொண்டு ஒரு வழி உண்டு. டைப்ரைட்டரில் கார்பன் தாள் வைத்து அடிப்பதை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு பிளாஸ்டிக் தாளில் கரிய பூச்சு ஒன்று, அதன்மேல் ஒளிரும் பொருள். தாளைக் கண்ணாடிமேல் குப்புறக் கவிழ்த்து, முதுகுப் பக்கமாக லேசரை ஓட்ட வேண்டும். லேசர் பட்ட இடத்தில் கரிய பூச்சு சூடேறும். அதை ஒட்டியிருந்த பொருள் தாளிலிருந்து விட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். படாத இடம் தாளோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடியில் மிஞ்சுவது நேரான கோடு.

பெரிய கம்பெனிகள் இதைத் தூசியும் ஈரமும் அண்டாத அறைகளில் செய்துகொண்டிருந்தன. எங்களிடம் இருந்தது வேறொரு நிறுவனம் ஓய்வு கொடுத்து அனுப்பிய லேசர் ஒன்று, வாய் சரியாக மூடாத வெற்றிடக் கலம் ஒன்று, ஒரு ஏர்கூலர். தாளுக்கு வகுப்பறைப் புரொஜெக்டரில் வைக்கும் தெளிவான பிளாஸ்டிக் தாளையே வெட்டிக்கொண்டோம். கரண்ட் போனால் லேசர் சூடு தணிந்து, மறுபடி நிலைக்கு வர அரை நாள். நான் ஒன்றரை வருடம் கண்ணாடி கழுவினேன். ஒவ்வொரு தகட்டையும் நான்கு முறை. யாராவது பக்கத்தில் வந்து தும்மினால்கூட அந்தத் தகட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பேன்.

கோடுகள் விழுந்தன. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏழெட்டு மாதத்தில் நேரான, ஓரம் பிசிறாத கோடுகள் என் கைக்கு வந்துவிட்டன. ஆனால் மின்சாரம் கொடுத்தால் எரியாது. பொட்டென்று ஒரு மினுக்கு, பிறகு கருகல். ஒரே ஒரு தகடு எரிந்தது. பொங்கல் விடுமுறையில், காற்றில் ஈரமே இல்லாத ஒரு வாரத்தில் செய்தது. மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். இரண்டாவது கோடு பச்சையாகக் கண் விழித்தது. மங்கலான பச்சை. வாய்விட்டு எண்ணினேன். பத்தொன்பது வரை எண்ணும்போது ஓரத்திலிருந்து கரும்புள்ளிகள் வந்து கோட்டை அரித்துவிட்டன. அப்போது கூடத்தில் என்னோடு இருந்தது ஆய்வுக்கூட உதவியாளர் மட்டும்தான். ஐம்பதைத் தொட்ட மனிதர், ஆயக்குடிக்காரர். “எரிஞ்சுதுங்கம்மா, நானும் பாத்தனுங்க,” என்று இரண்டு மூன்று முறை சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பேராசிரியர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னொரு தடவை எரியுமா?”

“இல்ல சார். வேற தகடு செய்யணும்.”

“அப்ப இதை யார்ட்டம்மா காட்ட முடியும்?”

அந்த வருடம் பங்குனி வெயிலில் எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுத்த துறையிலிருந்து பார்வையிட மூன்று பேர் கொண்ட குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. குழு வருவதற்கு முந்தின நாள் மாலை பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசைமேல் ஒரு பெட்டி. உதவியாளர் அண்ணன் தேக்குப் பலகையில் செய்து கறுப்பு வார்னிஷ் அடித்தது. மேல்மூடியில் ஜன்னல் வெட்டி, என் தகடுகளில் நல்லதாக ஒன்றைப் பதித்திருந்தது. அதற்கு மேல் நாடக மேடை விளக்குக்குப் போடும் மஞ்சள் ஜெலட்டின் தாள், அதன்மேல் ஒரு மூடு கண்ணாடி. தகட்டின் இரண்டு ஓரத்திலும் முதலைக் கிளிப்புகள், அவற்றிலிருந்து சிவப்பும் கறுப்புமாக வயர்கள் மின்வழங்கிக்குப் போயின. பேராசிரியர் சுவிட்சைப் போட்டார். ஆறு கோடுகளும் பளீரென்று எரிந்தன.

என் நெஞ்சு ஒரு நொடி துள்ளியது என்பதையும் மறைக்க வேண்டாம். அடுத்த நொடியே புரிந்துவிட்டது. பத்தொன்பது எண்ணும் நேரம் நிஜத்தைப் பார்த்தவள் நான். நிஜம் இப்படி எரியாது. பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு ஊதா விளக்கு. ஜவுளிக்கடைக் கல்லாவில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருப்பார்களே, அந்தக் குட்டி டியூப். எங்கள் பொருள்மேல் அந்த ஊதா ஒளி பட்டாலே பச்சையாக மின்னும். அதற்கு மின்சாரமே தேவையில்லை. கிளிப்புகளில் போன வயர்கள் வெறும் அலங்காரம். மீறி வெளியே கசியும் ஊதாவை மஞ்சள் தாள் விழுங்கிவிடும்.

“சார், இது…”

“என்ன இது? ஒளிருறது நம்ம பொருளா இல்லையா?”

“நம்ம பொருள்தான் சார்.”

“கோடு லேசர்ல வச்சதா இல்லையா?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன பொய் இருக்கு இதுல? நாளைக்கு உண்மையாவே எரியப் போகுதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்த நேரம் முன்னாடி காட்டுறோம், அம்புட்டுதான்.” அவர் குரலில் குற்ற உணர்ச்சியின் தடமே இல்லை. சிறு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது போலப் பேசினார். பேசிக்கொண்டே கிராம்பு ஒன்றை வாயில் போட்டு மென்றார். அந்த வாசம் இன்றும் எனக்கு ஆகாது. வீட்டில் பிரியாணிக்குக்கூட கிராம்பு போடுவதில்லை.

“நாளைக்கு நீதான் சுவிட்ச் போடணும். உன் வேலைதானே,” என்றார்.

நான் மறுத்திருக்கலாம். உடம்பு சரியில்லை என்று வராமலாவது இருந்திருக்கலாம். மறுநாள் காலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

குழுவினர் பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள், ஒன்றரைக்கு வந்தார்கள். கல்லூரிக்காரர்கள் அவர்களை நேராகச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள். சீரகச் சம்பா பிரியாணியும் தால்சாவும். அதன் பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அவர்களில் மூத்தவர் பல்குத்திக்கொண்டே வந்தார். லேசரைப் பார்க்கவில்லை. வெற்றிடக் கலத்தைப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் நான் எழுதிய நோட்டுகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தேன், ஒருவரும் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பெட்டியிடம் வந்தார்கள். ஜன்னல் திரைகளை உதவியாளர் அண்ணன் இழுத்துவிட்டார். நான் சுவிட்சைப் போட்டேன்.

“ஆகா,” என்றார் ஒருவர். இன்னொருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மூத்தவர் முன்னால் குனிந்து, எரியும் கோடுகள்மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சூடாக இருக்கிறதா என்று பார்த்தாராம். விரலை எடுத்தபோது மூடு கண்ணாடியில் பிரியாணி நெய் ரேகையோடு பதிந்திருந்தது. நிஜமான தகடாக இருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பேன். அன்று சிரித்துக்கொண்டு நின்றேன். “குளுகுளுன்னு இருக்கே,” என்றார். “அதுதான் சார் இதோட சிறப்பு,” என்று பதில் சொன்னது நான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. என் வாய் தானாகச் சொன்னது.

அவர்கள் போனபின் அண்டாவில் மிஞ்சியிருந்த பிரியாணியை எங்களுக்குப் போட்டார்கள். பசி. சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். வெயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள். அந்த வாரம் நாளிதழின் உள்ளூர்ப் பதிப்பில் பெட்டியோடு நான் நிற்கும் படம் வந்தது. அம்மா அதை வெட்டி லேமினேட் செய்து, இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டிவிட்டாள்.

படம் வந்ததோடு முடிந்திருந்தால்கூடக் காலப்போக்கில் மறந்திருப்பேனோ என்னவோ. பேராசிரியர் ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதினார். அச்சான பிறகுதான் எனக்குக் காட்டினார். அதில் ஒரு அட்டவணை: இந்த மின்னழுத்தத்தில் இந்தப் பிரகாசம், இத்தனை மணி நேரம் எரிந்தது என்று வரிசையாக எண்கள். அந்தப் பிரகாசத்தை அளக்கும் கருவியே எங்கள் கல்லூரியில் கிடையாது. எண்கள் அழகாக இருந்தன, ஒரேயடியாக ஒழுங்காக இல்லாமல் அங்கங்கே கொஞ்சம் பிசிறு வைத்து. அந்தப் பிசிறில்தான் என் கண் போய் நின்றது. ஒரு மனிதர் உட்கார்ந்து, எவ்வளவு பிசிறினால் நம்புவார்கள் என்று யோசித்து யோசித்து அதை எழுதியிருக்கிறார். ஆசிரியர் பெயர்களில் முதல் பெயர் என்னுடையது.

அடுத்த வருடத் தவக்காலத்தில், மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சொன்னேன். ஆய்வில் பொய் காட்டினோம் என்று. சாமியாருக்கு என்ன ஆய்வு, என்ன திரை என்று விளங்கவில்லை. “இதனால யாருக்காவது கெடுதல் வந்துச்சாம்மா?” என்று கேட்டார். “இல்ல சாமி,” என்றேன். ஒரு மாதிரி ஆறுதலாக வீட்டுக்கு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து வடக்கே ஒரு நகரத்திலிருந்து ஈமெயில் வந்தது. என்னைப் போலவே ஆராய்ச்சி மாணவி. எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அதே பொருள், அதே தாள், அதே அளவு என்று செய்து பார்த்திருக்கிறாள். கோடு விழுகிறது, எரியவில்லை. எங்கே தவறு என்று சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தாள். கல்லூரியில் இணையம் இருந்த ஒரே கணிப்பொறி பேராசிரியர் அறையில்தான். அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“பூச்சு கனம் ஒரே சீரா இருக்காது, அதைச் சரி பண்ணிப் பாருன்னு எழுது.”

“சார், அந்தப் பொண்ணு பாவம் சார்.”

“ஏம்மா, நாம என்ன செய்யாதேன்னா சொல்றோம்? செய்யட்டுமே. ஒருவேளை அவளுக்கு எரிஞ்சாலும் எரியும்.”

எழுதினேன். என் விரல்கள்தான் தட்டின. இரண்டு பத்தி, நல்ல ஆங்கிலத்தில், ஒரு சக மாணவி அக்கறையோடு எழுதுவது போல. கடைசியில் வாழ்த்துகளும் சொன்னேன். அவள் அன்றே நன்றி தெரிவித்து எழுதினாள். பூச்சு முழுவதையும் முதலிலிருந்து செய்யப்போவதாக.

அடுத்த கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. அப்போது நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் என் கடிதங்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். அவள் எழுதியிருந்தது நீளமாக இல்லை. பூச்சை எல்லா வகையிலும் மாற்றிப் பார்த்துவிட்டாள். உன் கைதான் சரியில்லை, இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை என்று அவளுடைய வழிகாட்டி மற்ற மாணவர்கள் முன்னால் சொன்னாராம். திட்டத்திலிருந்து அவளை எடுத்துவிடப் போகிறார்களாம். ‘நீங்கள் செய்தபோது உங்கள் அறையில் ஈரப்பதம் எவ்வளவு இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் நான்கு பையன்கள் ஒரே கணிப்பொறியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சத்தம். எனக்கு என் கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அசிட்டோன் பட்டுப் பட்டு விரல்நுனி தோலெல்லாம் உரிந்திருந்தது. அவள் கையும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினேன். எங்கள் தகடு பத்தொன்பது எண்ணும் நேரம்தான் எரிந்தது. காட்டியது ஊதா விளக்கு. அட்டவணை அளந்து எழுதியது அல்ல. முதல் பதிலில் நான் எழுதியதும் பொய். உங்கள் கையில் குறை இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அவள் காட்டினாள். அவளுடைய வழிகாட்டி இதழுக்கு எழுத, இதழ் கல்லூரிக்கு எழுத, கல்லூரி ஒரு விசாரணை வைத்தது. அதற்கு முன்னால் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“ஏம்மா, உனக்கு வீட்ல ஏதும் கஷ்டமா? கல்யாணப் பேச்சு, அது இது?”

“இல்ல சார்.”

“மன அழுத்தத்துல எழுதிட்டேன்னு ஒரு கடிதம் கொடுத்துரு. ஆறு மாசத்துல உனக்கு முனைவர் பட்டம் வாங்கித் தாரேன். இங்கேயே வேலையும் போட்டுத் தாரேன். நீ நல்லா இருக்கணும்மா, எனக்கு அது போதும்.”

அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அந்தக் கரிசனம் ஈரத்துணி போல என்மேல் ஒட்டிக்கொண்டது. டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி எங்கே என்று கேட்டார்கள். பெட்டியைக் காணோம். உதவியாளர் அண்ணனைக் கூப்பிட்டார்கள். நான் அங்கேயே இருந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “அப்படி ஒரு பெட்டி நான் பாக்கலீங்க,” என்றார். அந்த வார்னிஷ் கறை அவர் கட்டைவிரல் நகத்தில் பல வாரம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் அந்த நகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவருடைய இரண்டு பெண்களும் அதே கல்லூரியில் சலுகையில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவு இதுதான்: கட்டுரையில் கவனக்குறைவான பிழைகள், அதற்குப் பொறுப்பு முதல் பெயருக்கு உரியவர். இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. என் முனைவர் பட்டப் பதிவு ரத்தானது. பேராசிரியர் அடுத்த வருடமே வேறொரு கல்லூரிக்கு முதல்வராகப் போனார். வழியனுப்பு விழா பெரிதாக நடந்ததாகக் கேள்வி.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “கைதட்டுனாங்கன்னு சொன்னியே, அதும் அந்தப் பெட்டிக்கா?” ஆமாம் என்றேன். ஸ்டூல் போட்டு ஏறி லேமினேட் படத்தைக் கழற்றினாள். தூக்கிப் போடவும் மனசில்லாமல், வைக்கவும் இடமில்லாமல், கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம், உதவியாளர் அண்ணன் வாசலில் நின்றார். கையில் மஞ்சப்பை நிறையக் கொய்யாப்பழம்.

“ஏனுங்கம்மா, நம்ம தோட்டத்துக் காய்ங்க.”

“வேண்டாண்ணே.”

“உங்களுக்குத் தெரியுமுங்க, நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சா ஏன் வாங்க மாட்டேங்கறீங்க?”

அவர்மேல் எனக்கு அருவருப்பு இருந்தது, அப்படி இருப்பதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதும் தெரிந்திருந்தது. சுவிட்சைப் போட்டது அவர் அல்ல. அம்மா வந்து பையை வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தார். பழம் அறை முழுக்க மணத்தது. நான் ஒன்றுகூடத் தொடவில்லை. அழுகத் தொடங்கியவற்றை அம்மா பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள்.

வடக்கே இருந்த பெண்ணிடமிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது. தன்னைத் திட்டத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டதாக எழுதியிருந்தாள். பிறகு இப்படி எழுதியிருந்தாள்: ‘உங்கள் இரண்டாவது கடிதத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் முதல் கடிதத்தை நம்பி நான் மூன்று மாதம் தினமும் அழுதுகொண்டு வேலை செய்தேன். அதை எழுதியவரும் நீங்கள்தான். அதனால் நன்றி சொல்ல எனக்கு வரவில்லை.’

சரியாகத்தான் சொன்னாள். மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே அதில் அழகு பார்க்கத் தொடங்கிவிட்டேன், எந்த வார்த்தை போட்டால் அவள் மனம் இளகும் என்று. அதை உணர்ந்ததும் அழித்துவிட்டேன்.

அடுத்து வந்த ஜூனில் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். காலை பஸ்ஸில் பூ மூட்டைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு போவேன். அங்கே செய்முறைத் தேர்வுக்கு முன்னால், பிள்ளைகள் சோதனை செய்யாமலே போன வருட மாணவர்களின் நோட்டைப் பார்த்து எண்களை எழுதிக்கொள்வது வழக்கம். ஆசிரியர்களே அந்த நோட்டை எடுத்துக் கொடுப்பார்கள். முதல் வருடம் அந்த நோட்டுக் கட்டை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். நான் அதைத் தொடாமல், எடுத்துப் போகச் சொன்னேன். “புதுசா வந்தவுங்க இப்படித்தான் இருப்பாங்க, போகப் போகச் சரியாயிரும்,” என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.